கனடாவின் பெற்றோர் பொன்சர் திட்டம்: பயன்படுத்திய ஒருவனின் மதிப்புரை

பெற்றோரையும் பாட்டன் பாட்டியரையும் பொன்சர் செய்து, அதாவது அவர்களைத் தாங்கும் பொறுப்பை ஏற்று, நிரந்தர வதிவாளராக்கும் கனடிய மத்திய அரசின் திட்டத்தைப் பற்றி எங்கள் குடும்பங்களில் பேசாத நாள் குறைவு. ஆனால் அந்தப் பேச்சு பெரும்பாலும் “குலுக்கலில் உங்களுக்கு விழுந்ததா, எங்களுக்கு விழவில்லை” என்ற இடத்தோடு முடிந்துவிடுகிறது. ஒரு தொலைபேசியை வாங்குவதற்கு முன் பத்து மதிப்புரைகளைப் படிக்கிற நாம், ஆயிரக்கணக்கான டொலர் கட்டணம் செலுத்தி, 20 ஆண்டுகளுக்குக் கையொப்பமிட்டுப் பெறும் இந்தச் சேவையை அந்தக் கண்ணோடு பார்ப்பதில்லை. 2020 இல் பொன்சர் செய்ய விரும்புவதைத் தெரிவிக்கும் விருப்பப் படிவம் நிரப்பி, 2022 இல் விண்ணப்பிக்குமாறு அழைப்புப் பெற்று, 2025 இன் தொடக்கத்தில் அப்பாவையும் அம்மாவையும் நிரந்தர வதிவாளராகக் கண்டவன் என்ற முறையில், இதை ஒரு சேவையாகவே வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது ஒரு சேவை அல்ல, இரண்டு. அழைப்பு வரும்வரை உள்ளது ஒன்று, வந்தபின் தொடங்குவது வேறொன்று. பின்னதற்கு நான் தாராளமாக மதிப்பெண் கொடுப்பேன். முன்னதற்குக் கொடுக்க மனம் வரவில்லை.

முன்னதன் வரலாறு சிக்கலானது. விண்ணப்பங்கள் மலையாகக் குவிந்துவிட்டன என்று சொல்லி 2011 நவம்பரில் அரசு இத்திட்டத்தை மூடியது. 2014 ஜனவரியில் மீண்டும் திறந்தபோது ஆண்டுக்கு 5,000 விண்ணப்பங்கள் என்ற வரம்பு வந்தது. வருமான நிபந்தனை 30 வீதத்தால் உயர்ந்தது. பொறுப்பேற்கும் காலம் 10 ஆண்டிலிருந்து 20 ஆண்டாக நீண்டது. 2017 இல் குலுக்கல் முறை அறிமுகமானது. 2019 இல் அதைக் கைவிட்டு, முந்தியவருக்கு முதலிடம் என்றார்கள். அந்த ஆண்டு ஜனவரி 28 ஆம் திகதி இணையத்தில் திறந்த 27,000 இடங்களும் ஏறத்தாழப் பத்து நிமிடத்தில் நிரம்பிப் போயின. வேகமாகத் தட்டச்சுச் செய்யத் தெரிந்தவனுக்குப் பெற்றோர், மற்றவனுக்கு இல்லை என்ற அந்த ஏற்பாட்டை விடக் குலுக்கல் எவ்வளவோ நியாயமானது என்று நான் இன்றும் வாதிடுவேன். 2020 இல் குலுக்கல் திரும்ப வந்தது. ஒக்டோபர் 13 முதல் நவம்பர் 3 வரை விருப்பப் படிவங்களை ஏற்றார்கள். ஏறத்தாழ 2 இலட்சம் படிவங்கள் சேர்ந்தன.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்குள்ள பெரிய குறை. 2021, 2022, 2023, 2024, 2025 ஆகிய ஐந்து ஆண்டுகளிலும் அந்த ஒரே பட்டியலிலிருந்துதான் அழைப்புகளை அனுப்பினார்கள். 2020 நவம்பருக்குப் பிறகு நிரந்தர வதிவாளர் ஆனவரோ, பல்கலைக்கழகம் முடித்து வேலையில் அமர்ந்து இப்போதுதான் பெற்றோரை அழைக்கும் வசதிக்கு வந்தவரோ, குலுக்கலில் தோற்கவில்லை. அவருடைய சீட்டு பெட்டிக்குள் போகவே இல்லை. என் தம்பி அந்த மூன்று வாரத்தில் படிவம் போட மறந்தான். அந்த மறதியின் விலையை ஐந்து ஆண்டாகக் கட்டிக்கொண்டிருக்கிறான். எந்தச் சேவையிலும் வரிசை நீளமாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். வரிசையில் நிற்கவே விடாமல் கதவை மூடி வைப்பது வேறு விடயம்.

இனி, யாரும் அதிகம் பேசாத ஒரு கணக்கு. 2022 இல் 15,000 விண்ணப்பங்களைப் பெறுவதற்காக 23,100 அழைப்புகளை அனுப்பினார்கள். 2024 இல் 20,500 விண்ணப்பங்களுக்காக 35,700 அழைப்புகள். 2025 இல் 10,000 விண்ணப்பங்களுக்காக 17,860 அழைப்புகள். அதாவது, அழைக்கப்படுவோரில் மூன்றில் ஒருவராவது முழுமையான விண்ணப்பத்தோடு திரும்பி வரமாட்டார்கள் என்று திட்டத்தை நடத்துபவர்களே எதிர்பார்க்கிறார்கள். சிலர் மனம் மாறியிருப்பார்கள், சிலருடைய பெற்றோர் இந்த இடைவெளியில் காலமாகியிருப்பார்கள், சிலர் மின்னஞ்சல் முகவரியை மாற்றியிருப்பார்கள். ஆனால் எனக்குத் தெரிந்தவர்களில் அழைப்புக் கிடைத்தும் கைவிட்ட மூவரும் ஒரே இடத்தில்தான் விழுந்தார்கள்: வருமானக் கணக்கில். அதிர்ஷ்டம் என்று நாம் பேசுவது முதற் கதவை மட்டுமே. உண்மையான கதவு அதற்குப் பின்னால், வரிப் பத்திரங்களுக்குள் இருக்கிறது.

இந்தக் கதவைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். விண்ணப்பிக்கும் ஆண்டுக்கு முந்திய மூன்று வரி ஆண்டுகளிலும், ஒவ்வோர் ஆண்டிலும் தனித்தனியாக, குடும்பத்தின் அளவுக்கேற்ற குறைந்தபட்ச வருமானம் இருந்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளில் மிக நன்றாக உழைத்து, மூன்றாம் ஆண்டில் சிறிது குறைந்தால் சராசரி பார்த்து விடமாட்டார்கள். குடும்ப அளவு என்பது இன்று வீட்டில் இருப்பவர்களின் எண்ணிக்கை அல்ல. நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் நால்வர். வரப்போகும் அப்பாவையும் அம்மாவையும் சேர்த்து அறுவர். ஏற்கெனவே வேறு யாரையாவது பொன்சர் செய்து அந்தப் பொறுப்புக் காலம் முடியாமல் இருந்தால் அவரும் கணக்கில் வருவார். அறுவருக்கு 2022 வரி ஆண்டில் தேவைப்பட்ட தொகை 82,259 டொலர். 2023 க்கு 85,020. 2024 க்கு 90,784. நான் விண்ணப்பித்தபோது பார்க்கப்பட்ட ஆண்டுகள் 2019, 2020, 2021. பெருந்தொற்றுக் காலம் என்பதால் 2020 க்கும் 2021 க்கும் அந்த 30 வீத மேலதிகத்தை விலக்கியிருந்தார்கள். அந்தச் சலுகை இல்லாவிட்டால் 2020 இல் நாங்கள் தகுதி பெறாமல் போயிருப்போம் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். வருமானத்தை நிரூபிக்க வருமான வரித் திணைக்களம் அனுப்பும் மதிப்பீட்டு அறிவித்தல்கள்தான் ஆதாரம். அதில் 15000 என இலக்கமிட்ட நிரையிலுள்ள மொத்த வருமானத்திலிருந்து சிலவற்றைக் கழிக்க வேண்டும். பிள்ளைகளுக்கான மாதாந்த அரச கொடுப்பனவு வருமானமாக எண்ணப்படாது. வேலை இழந்தபோது பெறும் வழமையான வேலையிழப்புக் காப்புறுதிப் பணமும் சாதாரண காலத்தில் எண்ணப்படாது. ஆனால் பேறுகால விடுப்புக்கும் பெற்றோர் விடுப்புக்கும் கிடைக்கும் பணம் எண்ணப்படும். இந்த வேறுபாட்டை அறியாமல் கணக்குப் போட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

இங்கே இரண்டு விடயங்கள் எங்கள் சமூகத்தவரைக் குறிப்பாகக் கடிக்கின்றன. ஒன்று, பொன்சர் செய்பவரோடு சேர்ந்து பொறுப்பேற்று இடும் துணைக் கையொப்பம். கணவன், மனைவி அல்லது சேர்ந்து வாழும் துணையின் வருமானத்தை மட்டுமே சேர்த்துக்கொள்ளலாம். நான்கு சகோதரர் இந்த நாட்டில் இருந்து, நால்வரும் சேர்ந்து பெற்றோரைத் தாங்கக்கூடிய நிலை இருந்தாலும், திட்டத்தின் கண்ணில் ஒருவருடைய வீடுதான் வீடு. முதியோரைப் பிள்ளைகள் பங்குபோட்டுப் பார்ப்பதே வழக்கமான குடும்பங்களுக்கு இந்த விதி அந்நியமாகத்தான் தெரியும். இரண்டாவது, சொந்தத் தொழில் செய்பவர்கள். கடை வைத்திருப்பவர், வாகனம் ஓட்டுபவர், ஒப்பந்த வேலை எடுப்பவர் எல்லோரும் செலவுகளை முழுக்கக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்வார்கள். அது சட்டப்படி சரியானதே. ஆனால் கணக்காளர் வரியில் மிச்சம் பிடித்துக் கொடுத்த ஒவ்வொரு டொலரும் பொன்சர் கணக்கிலிருந்து கழிந்த டொலர். பெற்றோரை அழைக்கும் எண்ணம் இருந்தால், அதை மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கணக்காளரிடம் சொல்லிவைக்க வேண்டும். அழைப்பு வந்த பிறகு சொல்லிப் பயனில்லை. விண்ணப்பித்த பிறகும் முடிவு வரும்வரை வருமானம் அந்த அளவில் நிற்க வேண்டும், புதிதாக ஆதாரம் கேட்கவும் செய்வார்கள். கியூபெக் மாகாணத்தில் வருமான மதிப்பீடு தனியானது. அங்கே பொறுப்புக் காலமும் 10 ஆண்டுகள்தான்.

அழைப்பு வந்தபின் விண்ணப்பத்தைச் சேர்ப்பதற்கு 60 நாள் தருகிறார்கள். போதுமா என்று கேட்டால், பத்திரங்கள் ஏற்கெனவே கையில் இருப்பவருக்குப் போதும், அன்றுதான் தேடத் தொடங்குபவருக்குப் போதாது. படிவங்கள் எண்ணிக்கையில் அதிகம், தன்மையில் கடினமில்லை. பொறுப்பேற்பு உடன்படிக்கையான ஐ.எம்.எம். 1344, நிதி மதிப்பீட்டுக்கான ஐ.எம்.எம். 5768, பெற்றோருக்கான பொது விண்ணப்பம், குடும்ப விவரப் படிவம், பின்னணிப் படிவம் என்று ஒவ்வொன்றுக்கும் விளக்கக் குறிப்பு இருக்கிறது. அந்தக் குறிப்புகள் எளிய மொழியில், நிதானமாக எழுதப்பட்டிருக்கின்றன. நிதிப் படிவத்தில் சம்மதம் தெரிவித்தால் வரி விவரங்களை அவர்களே திணைக்களத்திடமிருந்து எடுத்துக்கொள்வார்கள் என்பது உண்மையிலேயே நல்ல வசதி. பின்னணிப் படிவம் கடந்த 10 ஆண்டுகளின் முகவரிகளையும் வேலைகளையும் ஒரு மாத இடைவெளியும் விடாமல் கேட்கிறது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வாழ்ந்த தலைமுறை எங்கள் பெற்றோருடையது. “தம்பி, முந்தின இடமெல்லாம் எழுதச் சொன்னால் கொப்பி காணாது” என்று அம்மா தொலைபேசியில் சொன்னார். பத்து ஆண்டுகளோடு நின்றதில் எல்லோருக்கும் நிம்மதி.

எங்கள் நேரத்தில் பாதியைத் தின்றது பெயர்தான். கனடியப் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு பெட்டியும் தன் பெயர் என்று ஒரு பெட்டியும் இருக்கின்றன. எங்களிடம் இருப்பதோ தகப்பன் பெயரும் பிள்ளையின் பெயரும். அப்பாவின் பிறப்புச் சான்றிதழில் அவருடைய பெயர் மட்டும் தனியாக நிற்கிறது; கடவுச்சீட்டில் தாத்தாவின் பெயர் குடும்பப் பெயராக முன்னால் வந்திருக்கிறது; திருமணப் பதிவில் முதலெழுத்தாகச் சுருங்கியிருக்கிறது; ஆங்கில எழுத்துக்கூட்டல் மூன்றிலும் மூன்று விதம். எங்கள் விதி மிக எளிமையானதாக அமைந்தது: எல்லாப் படிவத்திலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதினோம், மற்ற வடிவங்களை வேறு பெயர்கள் கேட்கும் பகுதியில் ஒன்றுவிடாமல் குறித்தோம், மூன்றும் ஒருவரையே குறிக்கின்றன என்று ஊரில் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்து இணைத்தோம். தமிழிலுள்ள சான்றிதழ்களைத் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் பெயர்த்து, மூலப் பிரதியோடு சேர்த்தோம். என் சொந்தப் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்று கடைசி வாரத்தில்தான் நினைவு வந்தது. அவர் என் தகப்பன் என்பதற்கு அதுதானே சான்று.

சேர்த்த பிறகு இணைய வாசலில் நிலையைப் பார்க்கலாம். சில மாதங்கள் ஒன்றும் அசையாது, பிறகு ஒரே கிழமையில் இரண்டு கடிதங்கள் வரும். கைரேகையும் புகைப்படமும் கொடுக்கும் அறிவுறுத்தலுக்கு 30 நாள் அவகாசம். மருத்துவப் பரிசோதனையை அவர்கள் பட்டியலிலுள்ள வைத்தியரிடம் மட்டுமே செய்யலாம். இந்தப் பரிசோதனையைப் பற்றி ஒரு எச்சரிக்கை தேவை. கணவன் மனைவியைப் பொன்சர் செய்யும்போது விலக்களிக்கப்படும் ஒரு நிபந்தனை பெற்றோருக்கு விலக்கு இல்லை: அவர்களுடைய நோய்க்கு ஆகக்கூடிய பொதுச் செலவு ஒரு வரம்பைத் தாண்டும் என்று கண்டால் மறுக்கலாம். அந்த வரம்பு 2018 முதல் சராசரிக் கனடியருக்கு ஆகும் செலவின் மூன்று மடங்காக உயர்த்தப்பட்டிருப்பதால், முதுமையில் சாதாரணமாக வரும் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பலரும் பயப்படுகிற அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. சிறுநீரகச் சுத்திகரிப்புப் போன்ற தொடர் சிகிச்சைகள் வேறு கதை. அப்பாவுக்கு நீரிழிவு உண்டு. மருந்துகளின் பட்டியலோடு போனார், மேலதிகக் கேள்வி எதுவும் வரவில்லை.

கட்டணம் நாங்கள் செலுத்தியதற்குப் பிறகு கூடியிருக்கிறது. 2024 ஏப்ரல் 30 இல் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி முதன்மை விண்ணப்பதாரருக்கு 1,205 டொலர், அவருடைய துணைக்கு 1,210 டொலர், கைரேகைக்கு இருவருக்கும் 170 டொலர். அப்போது ஆக மொத்தம் 2,585. மருத்துவப் பரிசோதனை, பொலிஸ் நற்சான்றிதழ், மொழிபெயர்ப்பு ஆகியவை இதற்கு வெளியே. கிடைக்கும் பயனோடு ஒப்பிட்டால் இதை அதிகம் என்று நான் சொல்லமாட்டேன்.

உண்மையான விலை கட்டணத்தில் இல்லை, கையொப்பத்தில் இருக்கிறது. பெற்றோர் நிரந்தர வதிவாளராகும் நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு அவர்களுடைய உணவு, உடை, உறையுள், பொதுக் காப்புறுதியில் அடங்காத மருத்துவத் தேவைகள் எல்லாம் பொன்சர் செய்தவர் பொறுப்பு. இடையில் அவர்கள் அரச உதவிப் பணம் பெற்றால் அதைத் திருப்பிக் கட்ட வேண்டியவர் அவர்தான். கட்டும்வரை வேறு யாரையும் பொன்சர் செய்ய முடியாது. வேலை போனாலும், விவாகரத்து நடந்தாலும், பெற்றோர் கனடியக் குடிமக்களே ஆகிவிட்டாலும் அந்தப் பொறுப்பு நீங்காது. துணைக் கையொப்பமிட்ட மருமகளோ மருமகனோ இதில் சம பொறுப்பாளி. மாமியாரோடு மனத்தாங்கல் வந்தபின் இதை முதன்முறையாக வாசித்த ஒரு மருமகளை எனக்குத் தெரியும்; வாசித்த பிறகு மனத்தாங்கல் கூடியதே தவிரக் குறையவில்லை. முதியோர் ஓய்வூதியமும் உடனே வந்துவிடாது, பொதுவாக இங்கே 10 ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும். எழுபது வயதில் வருபவருக்கு எண்பது வயதில்தான் அந்தப் பேச்சு. ஆகவே “அங்கே போனால் அரசாங்கம் பார்க்கும்” என்று ஊரில் யாராவது பெற்றோருக்குச் சொல்லியிருந்தால், அதை முதலில் திருத்திவிட வேண்டும்.

இதே தேவைக்கு அரசு வைத்திருக்கும் மற்றச் சேவையான சுப்பர் விசாவோடு ஒப்பிடாமல் இந்த மதிப்புரை நிறைவாகாது. 2011 டிசம்பரில், பொன்சர் கதவை மூடிய கையோடு அதைத் தொடங்கினார்கள். 2022 ஜூலை 4 முதல் ஒரு தடவை வந்தால் 5 ஆண்டுகள் வரை தங்கலாம். விசா 10 ஆண்டுகள் வரை செல்லுபடியாகும். குலுக்கல் இல்லை. வருமான நிபந்தனை அந்த 30 வீத மேலதிகம் இல்லாதது. ஆனால் குறைந்தது 100,000 டொலர் பெறுமதியான தனியார் மருத்துவக் காப்புறுதியை ஓராண்டுக்கேனும் எடுத்திருக்க வேண்டும், அதன் கட்டணம் வயதோடு ஏறும், ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பெரும்பாலும் நிபந்தனைகளோடுதான் கிடைக்கும். எங்கள் பெற்றோர் விண்ணப்பம் நடந்துகொண்டிருந்த காலத்தில் சுப்பர் விசாவில்தான் எங்களோடு இருந்தார்கள். வாழ்க்கையில் அன்றாடம் தெரியும் வேறுபாடு ஒன்றே ஒன்று: அப்போது அம்மா இருமினால் நான் காப்புறுதிப் பத்திரத்தைத் தேடுவேன், இப்போது மாகாணச் சுகாதார அட்டையை எடுத்துக்கொண்டு குடும்ப வைத்தியரிடம் போகிறோம். பெற்றோர் ஆண்டில் பாதியை ஊரில் கழிக்க விரும்புபவர்களாக இருந்தால் சுப்பர் விசாவே பொருத்தமானது என்பது என் கருத்து. நிரந்தர வதிவாளர் 5 ஆண்டுகளில் 730 நாட்களாவது கனடாவில் இருக்க வேண்டும் என்பதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

முகவர் தேவையா என்று பலர் கேட்கிறார்கள். நான் தொடக்கத்தில் ஒருவரிடம் போனேன். என் வரிப் பத்திரங்களைப் பார்த்துவிட்டு, நால்வருக்கான தொகையோடு ஒப்பிட்டு, “தாராளமாக இருக்கிறது” என்றார். வரப்போகிறவர்களையும் எண்ண வேண்டுமல்லவா என்று நான் கேட்ட பிறகுதான் அட்டவணையில் இரண்டு வரி கீழே இறங்கினார். அங்கிருந்து எழுந்து வந்து, நானே செய்தேன். எல்லா முகவரும் அப்படி என்று சொல்லவரவில்லை. முன்பு மறுக்கப்பட்ட விண்ணப்பமோ, சிக்கலான பின்னணியோ, மருத்துவக் கேள்வியோ உள்ளவர் ஒரு சட்டத்தரணியையோ உரிமம் பெற்ற ஆலோசகரையோ நாடுவதே நல்லது. ஆலோசகர்களுக்கென 2021 முதல் இயங்கும் ஒழுங்குமுறைக் கல்லூரி என்ற உரிமம் வழங்கும் அமைப்பின் பொதுப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று யாரும் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். அழைப்பையே எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் மட்டும் ஒரு நிமிடமும் நிற்க வேண்டாம். குலுக்கலில் அவருக்குக் கை கிடையாது.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால், அழைப்புக்குப் பிந்திய பகுதிக்கு நான்கு. கடைசி ஒன்றைப் பிடித்துவைத்தது, மாதக்கணக்கில் அசையாத நிலைப் பக்கம். அழைப்புக்கு முந்திய பகுதிக்கு ஒன்று, அதுவும் 2019 இன் பத்து நிமிட ஓட்டத்தைக் கைவிட்டதற்காக. அப்பா சமையலறை நாட்காட்டியில் தான் இங்கே இருந்த நாட்களைப் பென்சிலால் எண்ணி வருகிறார், 730 க்கு இன்னும் தூரம் இருக்கிறது. மனைவியின் பெற்றோருக்கு நாங்கள் 2020 இல் படிவம் போடவில்லை. போன கிழமை அவர்களுடைய சுப்பர் விசாக் காப்புறுதியை மேலும் ஓராண்டுக்குப் புதுப்பித்தோம்.